வாய் சுத்தம்

அருணாச்சலத்தின் வாயிலிருந்து அதுவரை வெளிவந்த மிக மோசமான சொல் ‘கெரகம்’. அதையும் அவர் மனிதர்களைப் பார்த்துச் சொன்னதில்லை. ஸ்கூட்டர் கிளம்பாதபோது ஸ்கூட்டரிடம் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்திருக்கிறார். மற்ற எல்லாவற்றுக்கும் ‘அட சாமி’தான். அதில் படிகள் உண்டு. வெறும் ‘அட சாமி’ என்றால் வருத்தம். ‘அட சாமி சாமி’ என்றால் கோபம். ஒன்றுமே சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தால் யாருக்கோ மெமோ வரப்போகிறது என்று அர்த்தம்.

இப்படிப்பட்டவர் கோயமுத்தூரில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்திருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. தலையெழுத்து அவரைப் புனே பக்கத்தில் சிஞ்ச்வடில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில், காலை ஷிப்ட் சூப்பர்வைசராகக் கொண்டுவந்து போட்டது. யானை காலை ஊன்றுவது போல இருபது பிரஸ்கள் இடைவிடாமல் தகட்டின் மேல் இறங்கிக்கொண்டிருக்கும் இடம். அங்கே மெஷினுக்கு எண்ணெய் எப்படியோ அப்படி மனிதர்களுக்கு வசவு. ஸ்பேனர் கேட்பதற்கு முன்னால் ஒரு வசவு, வாங்கிக்கொண்ட பிறகு நன்றியாக ஒன்று. இந்தி, மராத்தி, இரண்டும் போதாத இடத்தில் கொஞ்சம் பஞ்சாபி. கேட்பவனுடைய தாயாரும் தமக்கையும் நாள் முழுக்க அந்த ஷாப்பில் நடமாடிக்கொண்டே இருப்பார்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அதற்கென்று ஒரு சட்டமும் இருந்தது. தப்புச் செய்தவனை சூப்பர்வைசர் நாலு பேர் முன்னால் நிறுத்தி வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டால் அதோடு சரி. மெமோ கிடையாது. மெமோ கொடுத்தால் திட்டக் கூடாது. இரண்டும் ஒருவன் தலையிலேயே விழுந்தால் யூனியன்காரர்கள் பிரஸ்ஸை நிறுத்திவிடுவார்கள். இது எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டப்படவில்லை. ஆனால் வொர்க்ஸ் மேனேஜர் தேஷ்பாண்டே வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்.

மத்தியான ஷிப்ட் சூப்பர்வைசர் ஜக்தாப் இந்தச் சட்டத்தின் பெரிய வக்கீல். யாராவது சரக்கைக் கெடுத்துவிட்டால் அவனைக் கூப்பிட்டு, மூன்று தலைமுறைப் பெண்களையும் வீட்டு எருமையையும் ஒரே மூச்சில் சம்பந்தப்படுத்தி முடிப்பார். கேட்பதற்கென்றே பக்கத்து மெஷின்காரர்கள் கையை நிறுத்துவார்கள். முடிந்ததும் அந்த ஆளே போய் ஜக்தாப்புக்கு டீ கொண்டுவருவான்.

அருணாச்சலம் திட்டமாட்டார். இந்தியில் பேசினாலும் ‘நீங்க’ என்பார், ‘பாருங்க’ என்பார், ‘பரவாயில்லைங்க’ என்பார். மறுநாள் மெமோ வரும். ஷாப்பில் அவருக்கு ‘மெமோ மகராஜ்’ என்று பெயர். அது தன் கண்ணியத்துக்குக் கொடுக்கவேண்டிய விலை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டிலும் அந்த விலை நடைமுறையில் இருந்தது. “நீங்க சாமியக் கூப்புட்டாலே எனக்குக் காய்ச்சல் வர்றாப்ல இருக்குதுங்க,” என்று அவர் மனைவி கோதை ஒருமுறை சொன்னாள். “அப்பறம் மூணு நாளைக்குப் பேச மாட்டீங்க. ஒரு தடவ நல்லாக் கத்தித்தான் தொலைங்களேன்.” அதற்கும் அவர் ‘அட சாமி’ என்றார். மூன்று நாள் ஆயிற்று.

அவருடைய ஷிப்டில் தமிழ் தெரிந்த இன்னொரு ஆள் அந்தோணி. டை செட்டர். பிரஸ்ஸுக்குள் அச்சைப் பொருத்துகிற வேலை. பக்கத்து ஊரான தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா காலத்தில் ராணுவக் கிடங்கு வேலைக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். தமிழ் எழுதத் தெரியாது. பேசும்போது பாதி இந்தி கலந்துவிடும். அந்தத் தமிழுக்காகவே ஆரம்பத்தில் அவன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அருணாச்சலத்தின் மேஜைக்கு வந்து உட்கார்வான். அப்படி ஒரு நாள் உட்கார்ந்தபோதுதான், வேறு யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னான். அவன் மனைவி ஜெரால்டின், டீச்சர் ட்ரெயினிங்குக்கு மும்பை போயிருப்பதாகத்தான் ஷாப்பில் பேச்சு. அவள் போனது ட்ரெயினிங்குக்கு இல்லை. அவன் குடியைப் பொறுக்கமாட்டாமல் மகள் நீலாவையும் கூட்டிக்கொண்டு கட்கியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். “இப்ப வுட்டுட்டேன் சார். ஆறு மாசமா ஒரு சொட்டு இல்ல. ஆனாலும் வரமாட்டேன்னு சொல்லிக்கினு கீறா,” என்றான். அருணாச்சலம் ‘அட சாமி’ என்றார். அது உண்மையான வருத்தத்தில் வந்த ‘அட சாமி’.

அதற்குப் பிறகு அந்தோணிக்கு இரண்டு மெமோ கொடுத்தார். ஒன்று, பாதுகாப்பு ஷூ போடாததற்கு. இன்னொன்று, லேட்டாக வந்ததற்கு. இரண்டும் நியாயமான மெமோக்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. அந்தோணிக்கும் சந்தேகமில்லை, ஆனால் டிபன் பாக்ஸ் வேறு மேஜைக்குப் போய்விட்டது.

மூன்றாவது தப்பு தொண்ணூற்றேழு ஜூலையில் நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு டை மாற்றிய அந்தோணி, ஸ்பேனரை எடுக்க மறந்து கீழ் டையின் மேலேயே வைத்துவிட்டான். பிரஸ் இறங்கியது. ஷாப் முழுக்க ஓர் அலறல் கேட்டது. மனிதன் இல்லை, இரும்பு. டையின் ஓரம் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது.

அருணாச்சலம் ஓடிவந்தார். யாருக்கும் அடி இல்லை என்று பார்த்துக்கொண்டார். பெயர்ந்த துண்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“சார்,” என்றான் அந்தோணி. “கண்ணாடிய மாட்டுங்க சார்.”

அவர் துடைத்தார்.

“மூணாவது மெமோ வந்தா சார்ஜ் ஷீட். அப்பறம் கேட்டுக்கு வெளிய. தெரியும்தானே உங்களுக்கு?”

தெரியும். அந்த வருடம் எந்த நிரந்தரத் தொழிலாளியை எப்போது வெளியே தள்ளலாம், அந்த இடத்தில் எந்தக் கான்ட்ராக்ட் ஆளைப் போடலாம் என்று கம்பெனி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. டை உடைத்தவன் என்றால் விசாரணைகூட வேண்டியதில்லை.

“நான் என்னங்க பண்றது?” என்றார் அருணாச்சலம். “டை உடைஞ்சிருக்குது. தேஷ்பாண்டே ரவுண்டு வர்ற நேரம். என்ன நடவடிக்கை எடுத்தேன்னு கேப்பாரு.”

“திட்டிட்டேன்னு சொல்லுங்க.”

“திட்டாம எப்படிங்க சொல்றது?”

“அப்ப திட்டுங்க.”

பிரஸ்களை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். அந்தோணி இந்தியில் விஷயத்தைச் சொன்னான். எல்லாரும் தலையாட்டினார்கள். இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

“அதெல்லாம் என்ற வாயில வராதுங்க,” என்றார் அருணாச்சலம். “எனக்குன்னு ஒரு மரியாதை இருக்குது.”

“உங்க வாய் சுத்தமா இருக்கணும்னா என் சோறு போவணுமா சார்?”

உள்ளே எங்கோ, இவனைக் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்குமா என்று அவருக்குப் பட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நிமிர்ந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

“நீங்க ஒரு…”

“நீங்கன்னு ஆரம்பிச்சா அது எங்க சார் போயி நிக்கும்?” என்றான் அந்தோணி.

“நீ ஒரு முண்டம்.”

என்ன சொன்னார் என்று மற்றவர்கள் கேட்டார்கள். தலையில்லாதவன் என்கிறார் என்றான் அந்தோணி. ஒருவன், இவ்வளவுதானா, என் பாட்டி சாமி கும்பிடும்போதே இதைவிட அதிகமாகப் பேசுவாள் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். தேஷ்பாண்டேயிடம் இது செல்லாது என்று ஏகமனதாக முடிவாயிற்று. கெய்க்வாட் என்ற பெரிய மீசைக்காரன் முன்னால் வந்து, சாஹேப், நான் சொல்கிறேன், நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள் என்று ஒரு வாக்கியத்தைத் துண்டு துண்டாக எடுத்துக் கொடுத்தான். பதினோரு வருடமாகக் காதில் விழுந்துகொண்டிருக்கும் சொற்கள்தான். அருணாச்சலம் முதல் துண்டை, பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் நிற்கும் முகத்தோடு திருப்பிச் சொன்னார். “சாலே,” என்றார். மைத்துனா என்று அர்த்தம், அந்த ஷாப்பில் அது வணக்கம் சொல்வது மாதிரி. அதன் பின்னால் பழக்கதோஷத்தில் ஒரு “ஜி”யும் போட்டார்.

சிரிப்பில் ஒருவன் எண்ணெய் டின்னின் மேல் உட்கார்ந்துவிட்டான். அருணாச்சலத்துக்கே உதட்டோரம் துடித்தது.

அந்தோணி மட்டும் சிரிக்கவில்லை. அவன் கண் ஷாப்பின் வாசலில் இருந்தது. தேஷ்பாண்டே எந்த நிமிஷமும் வரலாம்.

“தமாஷா பண்ணிக்கினு கீறீங்களா சார்?” என்றான் தமிழில், மெதுவாக. “உங்களுக்குத் திட்டத் தெரியாம இல்ல. எங்களத் திட்டறதுக்கு நாங்க லாயக்கில்லன்னு நெனப்பு. கிட்ட வந்து திட்டினா எச்சில் படும். பேப்பர்ல எழுதி அனுப்பினா கையில ஒண்ணும் ஒட்டாது. பரவாயில்லைங்கன்னு சொல்லிக்கினே கழுத்த அறுப்பீங்க.”

“அந்தோணி, வார்த்தைய விடாதீங்க.”

“வுடுவேன். உங்க சம்சாரம் எப்டி சார் உங்ககூட குடித்தனம் பண்ணுது? வூட்லயும் மெமோதானா? பாவம் அந்தப் பொம்பள.”

இதைக் கோதை இவனிடம் வந்து சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் சொல்லிவிட்டாள் போலவே அருணாச்சலத்துக்கு இருந்தது. காதிலிருந்து கழுத்து வரை ஏதோ சூடாக இறங்கியது. தன்னிடம் வேறு ஆயுதம் இருந்திருந்தால், ஜக்தாப்பின் எருமை இருந்திருந்தால், அதை எடுத்து வீசியிருப்பார். ஒன்றுமே பழகாத கைக்கு, எது கண்ணில் பட்டதோ அதுதான் கிடைத்தது.

“என்ற சம்சாரம் என்ற வீட்லதான்டா இருக்கறா,” என்றார். அந்தக் குரலை அவரே அதற்கு முன் கேட்டதில்லை. “உன்றவ எங்கடா? சகிச்சுச் சகிச்சு முடியாம, பெத்த புள்ளையையும் இழுத்துக்கிட்டு ஓடிப் போகலை? நீ திருந்திட்டேன்னு கால்ல உழுந்தும் வரமாட்டேங்கறாளே, ஏன்? உன்ற லட்சணம் அவளுக்குத் தெரியும். கட்டினவளே தாங்கமாட்டாம உட்டுட்டுப் போன சனியன நான் எதுக்குடா கட்டித் தாங்கோணும்?”

பிரஸ்கள் நின்றிருந்ததால் அந்தச் சத்தம் கூரைத் தகட்டில் மோதிக் கீழே வந்தது.

கெய்க்வாட் கை தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். ஒருவன் விசிலடித்தான். ஒரு சொல் புரியாவிட்டால் என்ன, குரல் போதுமே. நரம்பு புடைத்திருந்தது, எச்சில் தெறித்திருந்தது, கை நீட்டப்பட்டிருந்தது. சாஹேப் கடைசியில் திட்டிவிட்டார்.

இருபது பேரில் ஒருவனுக்குத்தான் அது வசவில்லை என்று தெரியும். அந்தோணி நின்ற இடத்திலேயே நின்றான். அடிக்க வருவான் என்று அருணாச்சலம் எதிர்பார்த்தார். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாசலில் தேஷ்பாண்டே வந்தார். சுத்தமான வெள்ளைச் சட்டை, கையில் குடை. உடைந்த டையைப் பார்த்தார். யார் என்று கேட்டார். அந்தோணி கையைத் தூக்கினான். என்ன செய்தீர்கள் என்று அருணாச்சலத்தைக் கேட்டார். சாஹேப் திட்டினார் என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் இந்தியில் சொன்னார்கள்.

“இவரா?” என்றார் தேஷ்பாண்டே. “என்ன திட்டினார்?”

மதராஸி பாஷையில் திட்டினார், பயங்கரமாகத் திட்டினார், எங்களுக்கே வயிறு கலங்கிவிட்டது என்றார்கள். தேஷ்பாண்டே நம்பவில்லை. அருணாச்சலம் தமிழில் கோபமாக மந்திரம் சொன்னாலும் இவர்களுக்கு ஒன்றுதானே. “நீ சொல்,” என்றார் அந்தோணியிடம். “அதே வார்த்தைகள். என்ன சொன்னார்?”

அருணாச்சலம் தரையைப் பார்த்தார். அதைச் சொன்னால் ஜெரால்டின் எங்கே போனாள் என்று நாளைக்குக் கம்பெனி முழுக்கத் தெரியும். சொல்லாவிட்டால் திட்டே விழவில்லை என்றாகும். மெமோ, சார்ஜ் ஷீட், கேட்.

அந்தோணி அவரை ஒருமுறை பார்த்தான். பிறகு தேஷ்பாண்டேயின் பக்கம் திரும்பி இந்தியில் ஆரம்பித்தான். தன் அம்மாவில் ஆரம்பித்தான். அங்கிருந்து அக்காவுக்குப் போனான், சித்திக்குப் போனான், தான் பிறந்த முறையைப் பற்றி ஒரு விளக்கம் கொடுத்தான், தேஹு ரோடு கன்டோன்மென்டில் உள்ள மொத்தக் குதிரைப் படையையும் அதில் இழுத்தான். நிதானமாக, ஏற்ற இறக்கத்தோடு, ஒரு சொல்லும் தடுக்காமல், தனக்குத் தானே அவ்வளவு பெரிய வசவைக் கட்டி நிறுத்தினான். ஜக்தாப் கேட்டிருந்தால் கண்ணில் நீர் வந்திருக்கும். ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். தேஷ்பாண்டே சதாசிவ் பேட்டைக்காரர், சுத்தமான மராத்திக்குப் பெயர் போன குடும்பம். பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டார்.

“பஸ், பஸ், போதும்,” என்றார். “இதெல்லாம் இவர் சொன்னாரா?”

“ஆமாம் சாப்,” என்றான் அந்தோணி. “இன்னும் கொஞ்சம் சொன்னார். அது எனக்கு இந்தியில் வரவில்லை.”

தேஷ்பாண்டே அருணாச்சலத்தைப் புது மரியாதையோடு ஏற இறங்கப் பார்த்தார். டையை டூல் ரூமுக்கு அனுப்பச் சொன்னார். விஷயம் முடிந்தது என்றார்.

ஷிப்ட் மாறும்போது ஜக்தாப் ஓடிவந்து அருணாச்சலத்தைக் கட்டிப்பிடித்தார். “குருஜி, எருமை பழசாகிவிட்டது. எனக்கும் அந்தக் குதிரையைச் சொல்லிக் கொடுங்கள்,” என்றார். மெமோ மகராஜ் என்ற பெயர் ஒரே நாளில் போயிற்று. மறுநாளிலிருந்து டீ அவர் மேஜைக்குத் தானாக வந்தது. பதினோரு வருடமாகக் கட்டிக் காத்த வாய் சுத்தம் ஊரெல்லாம் நாறிவிட்டது. அதைப் பற்றி வருத்தப்பட அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

வீட்டில் கோதையிடம் சொன்னார். ஜெரால்டினைப் பற்றிச் சொன்னது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். கோதை அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டாள்.

“அவனா வந்து உங்ககிட்டச் சொன்னதுங்களா அது?”

“ஆமா.”

“அந்தக் குதிரையவே நீங்க சொல்லியிருக்கலாமுங்க,” என்றாள்.

அந்தோணி அதன் பிறகு அவரிடம் தமிழ் பேசவில்லை. இந்தியில் பேசினான். மரியாதையாக ‘ஆப்’ என்றான். “குட் மார்னிங் சார்” என்றான், “ஓகே சார்” என்றான், “தேங்க் யூ சார்” என்றான். ஷூ போட்டு வந்தான், நேரத்துக்கு வந்தான், ஸ்பேனரைத் துடைத்துக் கம்பியில் மாட்டினான். குறை சொல்ல ஒன்றுமில்லை. அருணாச்சலம் மேஜையில் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்தார். டீயை இரண்டாகச் சொன்னார். “நோ தேங்க் யூ சார்” என்று அந்தோணி நடந்தான். இதற்குமுன் தன் ‘பரவாயில்லைங்க’வை வாங்கிக்கொண்டு போனவர்களுக்கெல்லாம் இப்படித்தான் இருந்திருக்குமா என்று அருணாச்சலத்துக்கு யோசனை வந்தது. வந்த பிறகு போகவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், ஷிப்ட் முடிந்ததும் ஸ்கூட்டரைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு அந்தோணியின் பின்னாலேயே சிஞ்ச்வட் ஸ்டேஷனுக்கு நடந்தார். மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் லோனாவ்லா பக்கம் போகிற லோக்கலுக்குக் கூட்டம்.

“அந்தோணி.”

“எஸ் சார்.”

“நான் சொன்னது தப்புங்க. பெரிய தப்பு.”

“இட்ஸ் ஓகே சார்.”

“ஓகே இல்லைங்க. நீங்க என்னையத் திட்டீருங்க. இங்கயே, இத்தன பேர் முன்னால. உங்களுக்கு எதெது தெரியுமோ அத்தனையும். நான் வாங்கிக்கறேன். அப்பறம் முடிஞ்சு போகுமில்லைங்களா? ஷாப்பில அதானே சட்டம்.”

அந்தோணி தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றான். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு தமிழ் வந்தது.

“ஜக்தாப்பத் திட்டுவேன் சார். அவன் என் வூட்ல துன்னுகீறான். என் பொண்ணுக்குக் காது குத்தறப்ப வந்து நின்னான். அவன் என்ன திட்டினாலும் வாங்கிக்குவேன், நானும் குடுப்பேன். உங்கள எதுக்கு சார் நான் திட்டணும்? நீங்க எனக்கு யாரு?”

இதற்கு அருணாச்சலம் ‘அட சாமி’ என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விழுங்கினார்.

லோக்கல் வந்தது. அந்தோணி ஏறி உள்ளே போய்விட்டான். அருணாச்சலம் கதவை மறைத்துக்கொண்டு நின்றார், நிற்பது தெரியாமலே. முதுகில் ஒரு கூடை இடித்தது. “ஏ மேல்யா,” என்றாள் தக்காளிக் கூடைக்காரி மராத்தியில். செத்தவனே, கம்பமா நீ, இது உன் அப்பன் வீட்டு வாசலா, தள்ளி நில், இல்லை தூக்கு, இரண்டில் ஒன்று செய் என்றாள். அவருக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்கு ஒருத்தியாவது மனம்விட்டுப் பேசுகிறாளே என்றிருந்தது. குனிந்து கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேருமாகத் தூக்கியும் அது படியில் முட்டிக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து இரண்டு கைகள் வந்து கூடையின் விளிம்பைப் பற்றின. எண்ணெய்க் கறை ஏறிய நகங்கள்.

அந்தோணி இழுத்தான். அவர் தள்ளினார். கூடைக்காரி இருவரையும் சேர்த்துத் திட்டினாள். கூடை கதவிடுக்கில் சாய்ந்து, அவர் விரல்களை இரும்போடு நெருக்க ஆரம்பித்தது. வண்டி லேசாகக் குலுங்கியது.

“கைய எடுய்யா,” என்றான் அந்தோணி, பல்லைக் கடித்துக்கொண்டு. “நசுங்கிடப் போவுது.”

அவர் எடுத்தார். கூடை உள்ளே போயிற்று. கூடைக்காரி அவர் தோளில் கையை ஊன்றி ஏறிக்கொண்டாள். வண்டி அடுத்த ஸ்டேஷனான ஆகுர்டிப் பக்கம் நகர்ந்தது. தக்காளிகளுக்குப் பின்னால் அந்தோணியின் முகம் தெரியவில்லை. அவளிடம் அவன் ஏதோ சொல்வதும் அவள் அதற்குப் பதில் கொடுப்பதும் மட்டும் கேட்டன. அருணாச்சலம் வலித்த விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டு, தூறலில், கடைசிப் பெட்டி போகும்வரை நின்றார்.